ஆக்ராவுக்குப் பேசிய மலாய்

கல்யாணமான புதிதில் என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தாஜ்மஹாலைப் பார்க்க வேண்டும். விமானத்தில் ஏறாமல் ஆகிற காரியம் எதையாவது கேட்டிருக்கலாம். ஒரு வருடம் அங்கே வெயில் கொளுத்துகிறது என்றேன். அடுத்த வருடம் பனிமூட்டம், கட்டடமே கண்ணுக்குத் தெரியாதாம் என்றேன். குரங்கு கைப்பையைப் பறிக்கும், தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைக் கட்டிக் கொடுக்கும் வயது வந்துவிட்டது. படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கவலைப்படுவதற்கு மட்டும் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

இந்த வருடம் சாக்குச் சொல்ல அவள் இடமே வைக்கவில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று எங்கள் ஊர் கிள்ளானில் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் போய்வர வேண்டும். "இந்தத் தடவையும் நீங்க வரலேன்னா நான் தங்கச்சியோட போயிடுவேன்லா," என்றாள், வெங்காயம் அரிந்துகொண்டே. கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஊர் சுற்ற வருடக் கடைசி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை. எங்கள் கல்யாண நாளும் அதற்குள்தான் வந்தது, அதுவும் வெள்ளிக்கிழமை. நல்ல நாளாகவே அமைந்துவிட்டதென்று அவளுக்கு ஒரே பூரிப்பு. வியாழன் பொழுது சாய ஆக்ரா, வெள்ளி முழுவதும் தாஜ்மஹால், சனி விடிந்தும் விடியாமலும் டில்லிக்குத் திரும்பி விமானம் ஏறுவது. டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆக்ராவில் கார் பிடிப்பது மட்டும் என் பொறுப்பு. போய்வந்த ஒருவர் அந்த ஊர் டிரைவரின் நம்பரைக் கொடுத்திருந்தார்.

போன் செய்வதற்கு முன் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய்வந்தேன். ஆங்கிலத்தில் தொடங்கினேன். வணக்கம் சொன்னதோடு அது தீர்ந்துபோயிற்று. எதிரே இருப்பவர் தமிழர் இல்லையென்றால் மலாய் மண்ணில் வளர்ந்த எங்கள் வாய் தானாக மலாய்க்குத் தாவிவிடும். சீனரோ, வங்காளதேசத்துக்காரரோ, யாரானாலும் அப்படித்தான். ஆக்ராக்காரரிடமும் தாவியது. வெள்ளிக்கிழமைக்கு மலாயில் ஜுமாஆத், 'முடியுமா' என்பதற்குப் போலே. "ஜுமாஆத், தாஜ்மஹால், போலே?" என்றேன்.

"ஹாஞ்ஜி, போலியே, போலியே," என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. மனிதர் மலாய் பேசுகிறார். மறுபடி ஜுமாஆத் என்று அழுத்திச் சொன்னேன். அவரும் என்னென்னவோ சொன்னார். அதில் 'ஜும்மா' இருந்தது, 'பந்த்' இருந்தது. பந்து என்றால் மலாயில் உதவி. வெள்ளிக்கிழமை கூடவே இருந்து உதவி செய்வதாகச் சொல்கிறாரென்று நெகிழ்ந்துபோய், தெரிமா காசே என்று நன்றி வேறு சொல்லி வைத்தேன். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்: எல்லாம் பேசி முடித்தாயிற்று, நல்ல மனிதர், முட்டி விஷயம் சொன்னால் கைத்தாங்கலாகவே கூட்டிப் போவார்.

அடுத்த வாரம் குளிருக்கு உடுப்பு வாங்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனேன். கடையில் இருந்தவர் ராமநாதபுரத்துக்காரர், இங்கே வருவதற்கு முன் டில்லியில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். எங்கே பயணம் என்று கேட்டார். டிரைவர் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையைக் கீழே வைத்தார்.

"அண்ணே, போலியேன்னா 'சொல்லுங்க'ன்னு அர்த்தம். பந்த்னா மூடியிருக்குன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் லீவுண்ணே. உள்ளூர்க்காரங்க தொழுகைக்கு மட்டும்தான் தொறப்பாங்க. அந்த ஆளு ஒங்ககிட்ட அதைத்தான் சொல்லியிருக்காரு."

உதவி என்று நான் நன்றி சொன்னது பூட்டிய கதவுக்கு.

அவரே பாவம் பார்த்து ஒரு வழியும் சொன்னார். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோட்டம் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமையும் திறந்திருக்குமாம். அங்கே உட்கார்ந்தால் தாஜ்மஹால் நேர் எதிரே தெரியுமாம்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், இத்தனை வருடம் நான் தேடிய காரணம் கையில் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. இட்டுக்கட்டாத, அசல் காரணம். கதவே மூடியிருக்கும் ஊருக்கு யாராவது போவார்களா? ஆனால் சந்தோஷம் வரவில்லை. காரணத்தைச் சொன்னால் அவள் சரியென்று விட்டுவிடுவாள், அப்புறம் ஒருநாளும் கேட்கமாட்டாள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

வீட்டில் அவள் முட்டியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்தையும் போலேயையும் விளக்கினேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், வெந்நீர்ப் பை நழுவும்வரை சிரித்தாள். பிறகு அக்கரைத் தோட்டத்தைச் சொன்னேன். தொடவோ உள்ளே போகவோ முடியாது, தூரத்திலிருந்துதான் பார்க்கலாம் என்று நான் மன்னிப்புப் போல இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் சிரிப்பு நின்றது.

"அப்போ ரொம்ப நடக்க வேண்டாமா?"

"வேண்டாமாம். உக்காந்தே பாக்கலாமாம்."

நழுவிய பையை எடுத்து மறுபடி முட்டியில் வைத்துக்கொண்டாள். "என்னால அவ்ளோ தூரம் நடக்க முடியாதுங்க," என்றாள். "வெளியில சொன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவீங்கன்னுதான் வாயே தொறக்கல. நான் வாசல்கிட்ட உக்காந்துகிட்டு, நீங்க மட்டும் உள்ள போய்ப் படம் புடிச்சிக் காட்டுவீங்கன்னு நெனச்சிருந்தேன்."

கவலைப்படுவது என் ஒருவனுடைய குத்தகை என்று இருந்துவிட்டேன். பக்கத்திலேயே ஒருத்தி சத்தம் போடாமல் பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கரையிலேயே பாத்துக்கலாம்," என்றேன். "ரெண்டு பேரும்."

"உக்கார எடம் இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லி விட்டிருக்கலாம். ஒருவேளை இல்லாவிட்டால்? வேனில் கிடக்கும் மடக்கு நாற்காலியைக் கொண்டுபோகலாம் என்றேன். அதை விமானத்தில் விடுவார்களா, கால் கூராக இருக்கிறதே என்று அடுத்ததை ஆரம்பித்தபோது, அவள் வெந்நீர்ப் பையை என் கையில் திணித்து, ஆறிப்போச்சு, மாத்திக் கொண்டாங்க என்றாள்.