அர்கிரோவின் திருநீற்றுப்பச்சை

"நேரா நில்லுடி! நாடாளுமன்றத்துக்குப் போகப்போறவ இப்படியா கூன் போடுவா?" என்று அர்கிரோ அதட்டுவது மகளை அல்ல, சமையலறைச் சன்னலில் இருக்கும் திருநீற்றுப்பச்சைச் செடியை. வெயில் நகர நகரத் தொட்டியையும் நகர்த்தி வைப்பார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பழகிவிட்டது.

ஏதென்ஸ் நாடாளுமன்றத்தில் பேரவைக் கதவருகே நிற்கும் ஊழியர் அவர். புதிய சபை கூடும் அன்று பேராயர் வந்து, மந்திரித்த நீரில் திருநீற்றுப்பச்சைக் கொத்தை நனைத்து உறுப்பினர்கள் மேல் தெளித்து ஜெபிப்பார். அந்தக் கொத்து அர்கிரோ வீட்டு பால்கனியிலிருந்து போவது. "எந்தக் கட்சி வந்தா என்ன, மொதல்ல என் வீட்டு எலைதான் உள்ள போகணும்" என்று மார்தட்டிக்கொள்வார். தட்டிக்கொள்ளட்டுமே, யாருக்குக் கிடைக்கும் அந்தப் பெருமை!

இந்த முறை வம்பு வந்தது. ஆட்சி கவிழ்ந்து, நடுக்குளிரில் தேர்தல். பால்கனிச் செடிகள் பனியில் கருகிவிட்டன. மிஞ்சியது வீட்டுக்குள் இருந்த இந்த ஒரு நோஞ்சான்தான். அதை ஒட்ட நறுக்கிக் கட்டிக்கொண்டு போனால், மேலதிகாரி கையில் கடையில் வாங்கிய பச்சிலைப் பெட்டி.

"இதையே வச்சிருவோம் அர்கிரோ. எதுல தெளிச்சாலும் தண்ணிதானே?"

"பெட்டியில அடைச்சதுல வாசம் ஏதுங்கய்யா? என்னுது மணக்கலேன்னா சொல்லுங்க, இனிமே இந்தப் பக்கமே கொண்டுவர மாட்டேன்."

மேலதிகாரி பெட்டியை ஓரமாக வைத்தார். சொல்லிவிட்டாரே தவிர, அந்த நோஞ்சான் மணக்குமா என்று அர்கிரோவுக்கே சந்தேகம்தான்.

ஜெபம் என்றாலே வெளியே போய்விடும் இடதுசாரி உறுப்பினர் வ்ரெத்தோஸ், கதவைத் தாண்டும்போது சீண்டினார்: "என்னக்கா, கீரைக்கட்டு இளைச்சுப்போச்சு?"

"உங்க கட்சி ஓட்டு அளவுக்கு இளைக்கல, போங்கய்யா!"

பேராயர் அர்கிரோவின் கொத்தை எடுத்து நனைத்து உதறினார். ஆளில்லாத நாற்காலிகளைக்கூட விடவில்லை. கதவருகே நின்றவருக்கோ மணம் எட்டவில்லை.

ஜெபம் முடிந்து வ்ரெத்தோஸ் திரும்பி வந்தார். மேசையெல்லாம் துளித்துளியாக ஈரம். "யாருய்யா என் எடத்த நனைச்சது?" என்று முனகியபடி கைக்குட்டையை உருவினார். துடைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். இழுத்து ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, துடைக்காமலே கைக்குட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேலதிகாரியும் அதைப் பார்த்தார். அர்கிரோ சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, மோவாயை நிமிர்த்தி, கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்துவிட்டார்.