மாரிஸ் காரை நாங்கள் முடித்துக் கொடுத்தது

மாரிஸ் டான்ஸ்லி பதினான்கு வருஷம் ஒரு கார் கட்டினார். அதே பதினான்கு வருஷத்தில் எங்கள் ஊருக்குப் புதுப் பாலம் கட்டி முடித்து, அதற்கு இரண்டு தடவை பெயிண்டும் அடித்துவிட்டார்கள். கடவுள் நோவாவை விட்டுவிட்டு இவரிடம் பேழை கட்டச் சொல்லியிருந்தால் இன்று உலகத்தில் மீனைத் தவிர வேறு ஜீவன் இருக்காது என்று நான் பப்பில் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். மாரிஸும் சிரிப்பார். "மீன் இருந்தா போதாதாடா, சிப்ஸ் நாம போட்டுக்கலாம்" என்பார்.

நாங்கள் கடையில் கார் வாங்காத கூட்டம். சேசிஸ் ஒரு இடத்திலிருந்து வரும், ஃபைபர் கிளாஸ் உடம்பு இன்னொரு இடத்திலிருந்து லாரியில் வரும், எஞ்சின் எவனோ சுவரில் கொண்டுபோய் மோதிய பழைய காரிலிருந்து வரும். எல்லாவற்றையும் வீட்டு கராஜில் கொட்டி நாமே பூட்டினால் கார். பூட்டத் தெரியாவிட்டால் கோழிக்கூண்டு. என்னுடையது இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜாதி. வெளியே தூறினால் உள்ளே அடைமழை. இருந்தாலும் நான் கட்டினது.

கிளப்பில் பத்தொன்பது பேர். மாதத்தில் முதல் செவ்வாய் சாயங்காலம் பப்பின் பின்னறையில் கூடுவோம். செயலாளர் கிளெனிஸ் மேஜையைத் தட்டுவாள். ஒவ்வொருவரும் எழுந்து அந்த மாதம் காரில் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். மாரிஸ் எழுந்து, இடது கதவைக் கழற்றினேன் என்பார். போன மாதம்தானே மாட்டினீங்க என்று யாராவது கேட்டால், ஆமாம், மேலே கொஞ்சம் இடைவெளி அதிகம், அரை மில்லி இருக்கும் என்பார். அரை மில்லியை அவர் கண்ணாலேயே பார்ப்பார். காலுறை பின்னும் ஆலையில் முப்பது வருஷம் மெஷின் ரிப்பேர் பார்த்த மனுஷன். ஊசி ஒரு மயிரிழை கோணினால் ஆயிரம் காலுறை ஓட்டை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த கண்.

ஆகஸ்டில் எங்களுக்குத் திருவிழா. குதிரைப் பந்தய மைதானத்துப் புல்லில் நாடு முழுக்க உள்ள கிளப்புகள் கார்களை வரிசையாக நிறுத்தும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டே மழைக்குக் காத்திருப்போம். மழை எங்களை ஒரு வருஷம்கூட ஏமாற்றினதில்லை. போகிறவன் வருகிறவன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "நீங்களே கட்டினதா?" அதற்கு "ஆமா" என்று சொல்லத்தான் நாங்கள் மனைவியிடம் திட்டு வாங்குகிறோம், முதுகை ஒடித்துக்கொள்கிறோம், விரல் நகங்களைத் தானம் செய்கிறோம்.

மாரிஸ் திருவிழாவுக்கு மனைவி டோரினின் சின்னக் காரில்தான் வருவார். அதை எங்கேயோ பார்வையாளர்கள் நிறுத்தும் இடத்தில் போட்டுவிட்டு, எங்கள் வரிசையின் கடைசியில் வெறும் நாற்காலியோடு உட்காருவார். அந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொரு காரிலும் அவர் புத்தி கொஞ்சம் இருக்கும். கை மட்டும் இருக்காது. உதவி என்று கூப்பிட்டால் வருவார், பக்கத்தில் குந்துவார், எது தப்பு என்று சொல்வார், ஸ்பேனரை நம்மிடமே நீட்டுவார். என் பிரேக்கைச் சரிபண்ண வைத்தவர் அவர். இல்லாவிட்டால் இந்தக் கதையை என் ஆவிதான் உங்களுக்குச் சொல்லியிருக்கும்.

மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கராஜில், காருக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார். பதினொரு வாரம் ஆஸ்பத்திரி. வலது கையும் முகத்தில் பாதியும் போய்விட்டன.

அந்த ஏப்ரல் செவ்வாயில் பப்பே செத்த வீடு மாதிரி இருந்தது. நான்கூட ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அப்போது கோர்டன் எழுந்தான். வெல்டிங் வேலைக்காரன், மாட்டுக் கழுத்து, மனசு வெண்ணெய். மாரிஸ் வீட்டுக்கு வரும்போது கார் முடிந்து நிற்கட்டும், நாமே முடிப்போம் என்றான். கிளெனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டு கார் கட்டின கூட்டத்துக்கு முன்னால் பாதிக் காரைக் காட்டுவது பூனைக்கு முன்னால் கருவாட்டை ஆட்டுகிற மாதிரி. யோசிக்க ஒருத்தனுக்கும் நேரமில்லை. டோரின் சாவியைக் கொடுத்தாள். அவளுக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது. கேக் சுட்டுச் சுட்டே எங்களுக்கு ஆளுக்கு அரை மூட்டை எடை ஏற்றிவிட்டாள்.

ஏழு சனி, ஏழு ஞாயிறு. பதினான்கு வருஷத்து வேலையைப் பதினான்கு நாளில் முடித்தோம். கோர்டன் கதவுகளை மாட்டினான். ஒருத்தன் வயரிங், ஒருத்தன் சீட், ஒருத்தன் பெயிண்ட். எனக்கு வந்தது டேஷ்போர்டு. நல்ல வால்நட் மரப் பலகை. மாரிஸே இழைத்து, மெருகு போட்டு வைத்திருந்தார். வேகம், பெட்ரோல் காட்டும் ஐந்து மீட்டருக்கு ஐந்து ஓட்டை போட வேண்டும். பலகை முழுக்கப் பென்சில் கோடு, அழித்த கோடு, அழித்ததற்கு மேல் மறுபடி கோடு. இரண்டு வருஷமாக அவர் யோசித்துக்கொண்டிருந்த இடம் அது. நான் ஒரு டீ குடித்துவிட்டு, பார்க்க நன்றாக இருந்த இடத்தில் ஐந்து ஓட்டை போட்டேன். அரை மணி நேரம் ஆனது. விசில் அடித்துக்கொண்டே போட்டேன்.

கடைசி நாள் கராஜையும் கூட்டினோம். அவர் சேர்த்து வைத்திருந்த தகர டப்பாக்கள், துண்டுக் கம்பி, தலை தேய்ந்த போல்ட்டு எல்லாவற்றையும் இரண்டு வண்டியில் ஏற்றிக் குப்பையில் கொட்டினோம். மேஜையைக்கூடத் துடைத்து வார்னிஷ் அடித்தோம். அந்த கராஜில் நீங்கள் கல்யாணம் வைக்கலாம்.

ஜூனில் அவர் வந்தார். பச்சைக் கார், பானெட்டில் சிவப்பு ரிப்பன், சுவரோரமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நாங்கள். கைத்தடியோடு காரை ஒரு சுற்று சுற்றினார். கால் மணி நேரம் ஆனது. கதவு இடைவெளியில் இடது கை விரலை ஓட்டினார். உள்ளே குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நிமிர்ந்து, பளபளவென்று காலியாக இருந்த மேஜையைப் பார்த்தார்.

"நல்லா இருக்குப்பா" என்றார். வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது. "ரொம்ப நல்லா இருக்கு. என் போல்ட்டு டப்பா எல்லாம் எங்க?"

டோரின் டீ கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள்.

நாங்கள் அதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டோம். வாய் திரும்பாத மனுஷன், இதற்கு மேல் என்ன சொல்வார் என்று பப்பில் பேசிக்கொண்டோம். கோர்டன் அன்றைக்கு எல்லோருக்கும் பீர் வாங்கினான். கோர்டன் பீர் வாங்குவது வால்நட்சத்திரம் வருகிற மாதிரி.

ஆகஸ்டில் காரை டிரெய்லரில் ஏற்றிப் பந்தய மைதானத்துக்குக் கொண்டுபோனோம். இந்தத் தடவை வரிசையின் நடுவில் மாரிஸ் கார், அதன் பக்கத்தில் மாரிஸ். கூட்டம் மொய்த்தது. எங்கள் பத்தொன்பது காரிலும் அதுதான் அழகு. முதலில் வந்தது லீட்ஸ் ஊர்க்காரர் ஒருத்தர், மழைக்கோட்டுப் போட்டவர். நீங்களே கட்டினதா என்று கேட்டார்.

மாரிஸ் அவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். லீட்ஸ்காரர் காது கேட்காதவர் போல என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கேட்டார். கதவை எப்படி இவ்வளவு நேராக உட்கார வைத்தீர்கள், கீல் எங்கே வாங்கினது என்று அடுத்தடுத்துக் கேள்வி.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் மாரிஸ். "அதோ அவங்களைக் கேளுங்க."

அன்று நாள் முழுக்க அதே கதை. நானும் எண்ணினேன், நாற்பது பேருக்கு மேல் கேட்டார்கள். நாற்பது பேருக்கும் அவர் எங்களைக் கைகாட்டினார். மத்தியானத்துக்கு மேல் நாற்காலியை இடது கையால் இழுத்துக்கொண்டுபோய், எப்போதும் உட்காரும் வரிசைக் கடைசியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் கிளப் உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுக் கோப்பை கொடுத்தோம். யாருக்கென்று சொல்லவும் வேண்டுமா? கிளெனிஸ் கோப்பையை நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கி, நன்றி என்று சொல்லி, மடியில் வைத்துக்கொண்டார். மழை வந்ததும் கோப்பையில் தண்ணீர் நிறைந்தது. அவர் அதைச் சாய்க்கவில்லை.

திரும்பும்போது என் வேனில் வந்தார். பின்னால் டிரெய்லரில் கார். நான்தான் வாய் ஓயாமல் பேசினேன். லீட்ஸ்காரரின் மூக்கைப் பற்றி, கோர்டனின் சாண்ட்விச்சைப் பற்றி. பத்து மைல் போனபிறகு அவர் பேசினார்.

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு தினமும் என்ன பண்ணேன் தெரியுமா, ரெஜ்? அந்தப் பலகைல ஓட்டை போட்டுக்கிட்டே இருந்தேன். மனசுக்குள்ளதான். நர்ஸு வந்து கையைத் தூக்குங்கன்னு சொல்லுவா. எதுக்குன்னு நினைப்பேன். அப்புறம் அந்த ஓட்டை ஞாபகம் வரும், தூக்குவேன். எங்க போடணும்னு கடைசி வாரத்துல கண்டுபிடிச்சிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா நீ போட்டுட்ட."

எனக்கு ரோடு தெரியவில்லை. வைப்பரைப் போட்டேன். மழை எப்போதோ நின்றிருந்தது.

"எவ்வளவு தள்ளிப் போட்டுட்டேன், மாரிஸ்?"

"ரெண்டு அங்குலம்."

அடுத்த சனிக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். என் மண்டைக்கு அது இமாலய வேலை. எல்லாவற்றையும் பழையபடி கழற்றிப் போட்டுவிடுகிறோம், கிளப் பையன்களைக் கூட்டி வருகிறேன், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழட்டுறதையும் நீங்களே பண்ணிடுவீங்களா?"

அந்தக் கேள்விக்கு ஐம்பத்தாறு வயசில் எனக்கு முகம் சிவந்தது. நான் கராஜில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன். அவர் இடது கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் ஸ்க்ரூவைக் கழற்ற ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆனது. நத்தை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் நான் எழுந்தேன். இரண்டு தடவையும் அவர் திரும்பிப் பார்க்காமலே "உக்காரு" என்றார்.

அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் போனேன். இன்னொரு தடவை பக்கவாதம் வரும், அப்போது தாங்காது என்று டாக்டர் டோரினிடம் சொல்லியிருந்தார். டோரின் என்னிடம் சொன்னாள். மாரிஸுக்கு யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்தே இருந்தது. செப்டம்பர் கடைசியில் நான் ஓட்டை போட்ட பலகை வெளியே வந்தது. அக்டோபர் முழுக்கப் புதுப் பலகையை ஒற்றைக் கையால் இழைத்தார். வலது கையைப் பலகை மேல் கல் மாதிரி வைத்து அழுத்திக்கொள்வார். நவம்பரில் டிரில்லை எடுத்தார். வாரத்துக்கு ஒரு ஓட்டை. முதலாவது சரியாக விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் டிரில் துள்ளியது.

அவர் தூளை ஊதிவிட்டுப் பலகையை என் பக்கம் திருப்பினார்.

"எப்படி இருக்கு?"

நோய் வந்த நாளிலிருந்து ஊரே அவரிடம் நல்லா இருக்கு, பிரமாதம், சூப்பர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நானும்தான். கிண்டல் பண்ணி எட்டு மாதம் ஆகிவிட்டது.

"கோணல்" என்றேன். "குடிகாரன் கண்ணு மாதிரி இருக்கு."

முகத்தின் அசையும் பாதி சிரித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. தண்ணீர் கேட்டார். "அரை மில்லி" என்றார். "அரை மில்லிகூட இருக்காது, போடா." அன்றைக்கு வேலை போதும் என்று டிரில்லைத் துடைத்து வைத்தார்.

புதன்கிழமை அவர் போய்விட்டார். நான்காவது ஓட்டைக்கும் ஐந்தாவதுக்கும் பென்சில் குறி போட்டிருந்தது. அழித்த கோடு ஒன்றுகூட இல்லை.

அடக்கத்துக்குப் பத்தொன்பது காரில் பதினெட்டு போனது. டிசம்பர் முதல் செவ்வாய் பப்பில் கூடினோம். கிளெனிஸ் மேஜையைத் தட்டவில்லை. ஒருத்தரும் எழுந்து அந்த மாதம் என்ன செய்தோம் என்று சொல்லவில்லை. கடைசியில் கோர்டன்தான் எழுந்தான். கண் வீங்கியிருந்தது.

"இல்ல, நான் சும்மா கேக்கறேன்" என்றான். "இன்னும் ரெண்டே ரெண்டு ஓட்டைதானே. குறிகூட அவரே போட்டு வெச்சிருக்காரு. டோரினுக்காகவாவது..."

சுற்றி இருந்த எல்லா முகத்தையும் பார்த்தேன். ஒவ்வொருத்தனுக்கும் விரல் அரித்தது. எனக்கும் அரித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"கோர்டன், கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள்ள போடு" என்றேன்.

அவன் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து நானும் போட்டுக்கொண்டேன்.