ஆலங்குடிப் பூகம்பம்

ஆலங்குடியில் பூகம்பம் வந்ததாக இலாகாவுக்குத் தந்தி கொடுத்த ஒரே ஆசாமி நான்தான். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் அந்தக் கதையைப் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். சிலவற்றில் நான் அவ்வளவு மோசமில்லை. அதனால் உள்ளதை எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. பலமான நில அதிர்வை மட்டும் பதியும் கருவிகளை அங்கங்கே வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, முந்திரித் தோப்பு நடுவே ஒரு சிமெண்ட் அறை. கருவி எளிமையானது. கம்பியில் தொங்கும் குண்டு, அதன் தலையில் புகை படியவைத்த கண்ணாடித் தட்டு, தட்டைத் தொட்டபடி ஓர் ஊசி, எல்லாவற்றுக்கும் மேலே மூடி. தரை பலமாக ஆடினால் குண்டு ஆடும். ஊசி புகையில் கோடு போடும். எந்த நாளில் போட்டது என்று மட்டும் சொல்லாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தட்டை மாற்றி, ரிப்போர்ட்டில் 'நில்', அதாவது ஒன்றும் இல்லை, என்று எழுதுவது என் வேலை. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தது இதற்குத்தான்.

அறையைக் கூட்டுவதும் சாவியை வைத்திருப்பதும் அட்டெண்டர் காதர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் டெம்பரரி, நான் ப்ரொபேஷன். ஆபீஸ் மொத்தமும் நாங்கள் இருவர்தான்.

ஒன்றரை வருஷம் 'நில்' எழுதினேன். பூமியின்மேல் எனக்கு மனத்தாங்கலே வந்துவிட்டது. அப்படியிருக்க, ஒரு மார்கழிக் காலையில் கழற்றிய தட்டில் நீளமாக ஒரு கோடு. டீக்கடையில் விசாரித்தேன். டீ மாஸ்டர் யோசித்து, ஒருநாள் பால் தளும்பியது உண்மைதான் என்றார். விஞ்ஞானத்துக்கு அது போதும் என்று தந்தி கொடுத்தேன்.

அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து ஆபீசர் வந்தார். சுற்றுவட்டாரத்தின் எல்லா ஸ்டேஷன் தட்டுகளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். எதிலும் கீறல் இல்லை. என் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பூகம்பம்னா நூல்கண்டு சிக்கின மாதிரி கிறுக்கி வச்சிருக்கும். இது ஒரே கோடு. யாரோ தள்ளியிருக்காங்க. ஏம்ப்பா, சாவி ஒங்கிட்டதானே?"

"ஆமாங்க. ஆனா மூடியத் தொட்டதில்லைங்க," என்றார் காதர் பாய்.

"அப்ப பூகம்பமே தொறந்துக்கிட்டு உள்ள போச்சா?"

பாயைப் பர்மனென்ட் செய்யும் காகிதம் ஆபீசரின் பையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் வேறொரு காகிதத்தை எடுத்து மெமோ எழுத ஆரம்பித்தார். என்னைக் கருவியின் லெவல் பார்த்துவரச் சொன்னார்.

பாய் டார்ச் பிடிக்க, மூடியைக் கழற்றினேன். தட்டை மேலிருந்தே மாற்றிவிடலாம். லெவல் பார்க்கத்தான் குனிய வேண்டும். குனிந்தேன். குண்டின் வயிற்றில், காய்ந்த சந்தனத்தில் ஒரு குங்குமப் பொட்டு.

ஆயுத பூஜையன்று நான் வைத்தது. மூடிக்கு வைத்தால் பூஜை மூடிக்கு மட்டும் போய்ச் சேருமே என்று, திறந்து, ஒரே விரலால், பக்தியோடு வைத்தேன். கோடு கண்ட அன்று கருவியைத் தொட்டது யார் யாரென்று நெடுநேரம் யோசித்திருக்கிறேன். பொட்டு வைப்பது தொடுவதில் சேரும் என்று தோன்றவே இல்லை.

என் கை சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடியது. அதை மறைத்து எழுத எனக்கு ஆசைதான்.

பாய் டார்ச்சைச் சற்றுத் தாழ்த்தினார். "தொடச்சிருங்க சார்," என்றார் மெதுவாக. "ஒங்களுக்கு இன்னும் ப்ரொபேஷன் முடியல. எனக்கு ஜெகதாப்பட்டினத்துல மச்சான் இருக்காரு, வலை இழுத்தாவது பொழச்சுக்குவேன்."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாய்?"

"இப்பத்தான் பார்த்தேன். நான் குங்குமம் வைக்க மாட்டேனே சார்."

கைக்குட்டையை வெளியே எடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெளியே போய் ஆபீசரைக் கூப்பிட்டேன்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது மீசை துடித்தது. கோபமா வேறு ஏதாவதா என்று இன்றுவரை தெரியாது. "பொரி கடலை எங்கய்யா வச்சே?" என்று மட்டும் கேட்டார். எழுதிய மெமோவைக் கிழித்துவிட்டு என் பேரில் ஒன்று எழுதினார். ப்ரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. பாயின் காகிதத்தில் அங்கேயே கையெழுத்து விழுந்தது. அந்த ஆறு மாதமும் ஆபீஸில் நிரந்தர ஊழியர் அவர் ஒருவர்தான். என்னை அவர் நன்றாகவே நடத்தினார்.

தம்பிகளே, பத்து இடத்தில் கருவி வைப்பது, ஒரு இடத்துக் கிறுக்கனை மற்ற ஒன்பதும் பிடித்துக்கொடுக்கத்தான். அக்கம்பக்கத்துத் தட்டுகள் சும்மா இருந்ததால்தான் என் பூகம்பம் செத்தது. 'நில்' எழுதுவதை இளப்பமாக நினைக்காதீர்கள். கோடு விழுந்தால், கருவியைத் தொட்டவர் பட்டியலை உங்கள் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

மறுநாளே கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினேன்: திறந்தவர், தேதி, காரணம். முதல் வரியில் என் பெயரையும் ஆயுத பூஜைத் தேதியையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் எழுத வராமல் நின்றேன். பாய் பேனாவை வாங்கி, "பாசம்" என்று எழுதிவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூட்டப் போனார்.