கவிழ்தும்பைக் காட்டை உழுத எங்கள் அக்கா

எங்கள் அக்கா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்திருக்கும் உற்றார் கையில் இந்த நினைவு மலரைக் கொடுக்கும்போது அழக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கை அழுதால் அக்காவுக்குப் பிடிக்காது. "மூக்கச் சிந்திட்டு வேலையப் பாரு சாமி" என்பார்.

அக்கா பிறந்தது ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில். வாழ்க்கைப்பட்டது சங்ககிரிப் பக்கம். மகள் தவழும் முன்பே கணவர் காய்ச்சலில் போய்விட்டார். மிஞ்சியது மகளும் மழையை நம்பிய ஒரு துண்டு மேட்டுக்காடும். அதுவும் சொந்தக் காடு அல்ல. அம்மன் கோயிலின் பூ மானியம். உழுது சாப்பிடலாம், பதிலுக்குத் தை நோம்பித் திருவிழா அன்று, அங்கே பூத்த கவிழ்தும்பையால் அம்மனுக்கு மாலை கட்டிக் கொடுக்க வேண்டும். வெளிர்நீலத்தில் தலையைத் தொங்கவிட்டுப் பூக்கும் அந்தச் செடி, மழையில் முளைத்துக் கோடையில் செத்துப்போகும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கண்ணில் படாது.

கடலைப் பயிருக்குள் முளைப்பதைக் களையெடுப்பவர்கள் பிடுங்கிவிடுகிறார்கள் என்று, அக்காவின் மாமனார் ஒரு மூலையைப் பூவுக்கென்றே ஒதுக்கி முள்வேலி போட்டுவிட்டுப் போனார். சாமிப் பூ முளைக்கும் மண்ணில் ஏர் படக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி! ஆண்டுக்காண்டு பூ குறைந்தது, அருகம்புல் பெருத்தது. கடைசியில் ஒரு தை நோம்பிக்கு ஒற்றைப் பூக்கூட இல்லை. அம்மன் வெறுங்கழுத்தோடு நின்றாள்.

"அடுத்த நோம்பிக்கும் பூ இல்லீன்னா காட்ட வேற ஊட்டுக்குக் குடுத்துருவோம் புள்ளை" என்று ஊர்ப் பெரியவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். காடு போனால் அக்காவும் மகளும் கூலிக்குத்தான் போக வேண்டும்.

அந்த ஆடியில் யார் வீட்டு எருமையோ வேலியை முறித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. அடுத்து வந்த மழையில், அதன் குளம்பு கிளறிய இடத்தில் மட்டும் ஒரு கவிழ்தும்பை முளைத்திருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முன்பெல்லாம் உழுத கடலைக் காட்டில்தானே முளைத்தது! விதை மண்ணுக்குள் இருக்கிறது. புரட்டிவிடத்தான் ஆள் இல்லை.

ஏர் ஓட்ட ஊரில் ஒருவரும் வரவில்லை. தெய்வக் குற்றம் என்று பயந்தார்கள். அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தம் மாடுகளைப் பூட்டி, தாமே மேழியைப் பிடித்தார். பெண்பிள்ளை ஏர் பிடித்தால் ஊர் கூடாதா! விருந்துக்குப் போயிருந்த நானும் வரப்புக்கு ஓடினேன்.

"ஏம்புள்ளை, சாமி மண்ணுல பொம்பளை ஏரு புடிக்கிறதாவது!" என்று கத்தினார் பெரியவர்.

"சாமி வேலிக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்குதுங்க மாமா. தொறந்து உடறேனுங்க. பூக்கலீன்னா காட்ட நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லி மாட்டை அதட்டினார் அக்கா. கோணல்மாணலான உழவுதான். ஆனால் பாதியில் நிற்கவில்லை.

மார்கழி முடிவதற்குள் அந்த மூலை முழுக்க வெளிர்நீலம்! தை நோம்பிக்கு அம்மனுக்கு மட்டுமா, தேருக்கும் மாலை கட்டினோம். பெரியவரே வந்து பூக்கூடையைத் தலையில் தூக்கினார். "ஜெயிச்சுப்போட்டியே புள்ளை" என்றார். அக்கா இருந்தவரை அதன்பின் எந்த நோம்பிக்கும் பூ தவறவில்லை. அந்தக் காட்டுச் சோற்றில்தான் மகள் வளர்ந்தாள், கல்யாணமும் நடந்தது. கடைசிப் படுக்கையிலும், "மழை பேஞ்சுதா? மூலைய உழுதாச்சா?" என்றுதான் கேட்டார்.

யுத்தகாலத் தட்டுப்பாட்டிலும் அரிசி கொடுத்து உதவிய பங்காளிகளுக்கும், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் இடிபட்டு வந்து சேர்ந்த சேலத்து உறவினருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்து பார்த்த வைத்தியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்றைக்கு ஏர் பிடிக்க வர மறுத்த ஊராருக்கும் நன்றி. உங்களில் ஒருவர் வந்திருந்தால் மேழி எங்கள் அக்கா கைக்கு வந்திருக்காது.