பேரி மரத்தில் தொங்கிய போன்

வில்பட்டி மூக்கம்மா எதையும் சோதித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் விடமாட்டாள். அரிசி வாங்கப் போனால் ஒரு பிடி கேட்டு வாங்கி வந்து, வேகவைத்துப் பார்த்த பிறகுதான் மூட்டைக்குச் சொல்வாள். புதுக் கரண்டியைத் தரையில் தட்டிச் சத்தம் கேட்பாள். பெண் பார்க்க வந்த பிச்சையாவுக்கே அவள் வேண்டுமென்று உப்பை அள்ளிப் போட்ட உப்புமாவைத்தான் கொடுத்தாள் என்று சொல்வார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடித்துவிட்டுத் தண்ணீர் மட்டும் கேட்டாராம். இந்த ஆளோடு குடும்பம் நடத்தலாம் என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள்.

கொடைக்கானல் ஏரிச்சாலையில் ஒரு ஓட்டலின் பின்கட்டில் காய் கழுவப் போனவள் அவள். கழுவியவள் நறுக்கினாள், நறுக்கியவள் தாளித்தாள். மாஸ்டர் ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது கரண்டி கைக்கு வந்தது. பிறகு அதை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது சொந்தமாகப் பாத்திரம், கூடமாட நான்கு பெண்கள், கல்யாணம் முதல் கல்லூரிச் சுற்றுலா வரைக்கும் சமையல். எத்தனை பந்தி போட்டாலும் அவளுக்கு ஒரு கொள்கை உண்டு: கூப்பிட்டால்தான் போவாள். யார் வாசலிலும் போய் நின்று வேலை கேட்டதில்லை. நின்று கேட்டுச் சமைக்கிற சோற்றில் உப்பு ஒட்டாது என்பாள்.

கூப்பிட வேண்டும் என்றால் போன் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அவள் வீடு ஒரு பள்ளத்தில் இருந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பேரிக்காய் மரத்தடியில் மட்டும் இரண்டு கோடு வரும். அதனால் போனை ஒரு சின்ன ஒயர் கூடையில் வைத்து, பனிக்கு ஒரு பிளாஸ்டிக் பை சுற்றி, காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் கொண்டுபோய்க் கிளையில் தொங்கவிடுவாள். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் அதே கதைதான். ஒரு வீட்டுப் போன் தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கும், இன்னொன்று மாட்டுக்கொட்டகை ஜன்னலில் இருக்கும். யார் போன் எங்கே தொங்குகிறது என்பது ஊருக்கே பாடம். ஒன்று அடித்தால், பக்கத்தில் நிற்பவர் உரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அப்படித் தொங்கிய பழைய போன் முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் குளிரில் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. அன்றைக்குப் பார்த்துத்தான் மேல்ரோட்டு கான்வென்டிலிருந்து ரெஜினா சிஸ்டர் விருந்துச் சமையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. வேலை பள்ளங்கி ஊர்ச் செல்லப்பாண்டிக்குப் போயிற்று. அவனும் சமையல்காரன்தான், வாய் கொஞ்சம் நீளம்.

"மூக்கம்மாக்கா போனு மரத்துல காய்க்குதுப்பா. பழுத்து விழுந்தாத்தான் எடுப்பாங்க" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டான்.

அந்தப் பேச்சு மூக்கம்மாவின் நெஞ்சில் மீன்முள் மாதிரி தங்கிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்டில், பேரிக்காய் உதிரும் சமயத்தில், ரெஜினா சிஸ்டர் அவளைச் சந்தையில் பார்த்தார். அடுத்த மாதம் கான்வென்டுக்குப் பொன்விழா. பெரிய சாப்பாடு. வெள்ளிக்கிழமை கூட்டத்தில்தான் எத்தனை பேர் என்று முடிவாகும், சனிக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்கிறேன் என்றார்.

"போன எடுங்க மூக்கம்மா. இந்தத் தடவையும் கிடைக்கலன்னா, செல்லப்பாண்டிக்கே சொல்லிரச் சொல்லிட்டாங்க மதர்."

மூக்கம்மா அன்றைக்கே புதுப் போன் வாங்குவதென்று தீர்மானித்தாள்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை வந்தது. மகன் பாலகுமார் டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறவன். கையால் தொட்டால் நகரும் பெரிய திரை வைத்த ஸ்மார்ட்போன்தான் அம்மாவின் அந்தஸ்துக்குச் சரி என்றான். சமைத்ததைப் படமெடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டலாம் என்றான். சவாரி இல்லாத நேரத்தில் தானும் அதில் சினிமா பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிச்சையாவுக்குப் பேட்டரிதான் முக்கியம். ஊரில் தினமும் கரண்ட் கட்டு. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரம் முழுக்க நிற்கிற டார்ச் வைத்த சின்னப் போன்தான் போன் என்றார். பூண்டுத் தோட்டத்துக் காவலுக்குப் போகும்போது அந்த டார்ச் யார் கையில் இருக்கும் என்பதை அவரும் சொல்லவில்லை. மருமகள் சத்தியபிரியா மூஞ்சிக்கல்லில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். எந்தப் போனாக இருந்தால் என்ன, எந்தக் கம்பெனி சிக்னல் வீட்டுக்குள் விழுகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். மூன்று பேரிலும் அவள் பேச்சில்தான் கள்ளம் இல்லை. அவள் கடையில்தான் வாங்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

மூக்கம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். சத்தியபிரியா முதலாளியிடம் கெஞ்சிக் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த போன்களைக் கொண்டுவந்தாள்.

முதலில் பெரிய திரை. படம் கண்ணாடி போல இருந்தது. பழைய போனில் கொண்டைக்கடலையைவிடச் சின்னதாக வந்துகொண்டிருந்த எழுத்தெல்லாம் இதில் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. மூக்கம்மா அசந்துதான் போனாள். ஆனால் சோதனை என்றால் சோதனை. சிக்னலுக்காகப் பேரி மரத்தடியிலேயே உட்கார்ந்து, பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டே சத்தியபிரியாவைக் கூப்பிடச் சொன்னாள். மணி அடித்தது. மாவுக் கையால் தேய்த்தாள், எடுக்கவில்லை. கையைத் துடைத்து எண்ணெய் விரலால் தேய்த்தாள், வழுக்கிக்கொண்டு போய் அடுக்கம் கிராமத்தில் இருக்கும் பிச்சையாவின் தங்கைக்குப் போன் போய்விட்டது. நாத்தனாரும் ஆசையாக எடுத்து, விட்டுப்போன கதையையெல்லாம் பேசினாள். பொழுது சாய்வதற்குள் சார்ஜ் தீர்ந்தது. கரண்டும் போயிருந்தது.

"பொம்ம நல்லாத்தான் கெடக்கு. ஆனா இதுக்குப் பண்டுவம் பாக்க நான் தனியா ஒரு ஆளு வைக்கணும்" என்றாள்.

அடுத்தது டார்ச் போன். அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். நடுநடுவே திறந்து பார்த்தாள். மூன்று நாளாகியும் ஒரு கோடு குறையவில்லை. கீழே போட்டாள், எழுந்து உட்கார்ந்தது. மரத்தடிக்குக் கொண்டுபோய் ஈரக்கையால் அழுத்தினாள், பேசிற்று. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எடுக்கிற மாதிரி சத்தியபிரியா மாற்றிக் கொடுத்திருந்தாள். குறை ஒன்றுதான், திரை தீப்பெட்டியின் பாதிகூட இல்லை, எழுத்து எறும்பு ஊர்வது போலிருந்தது.

பாலகுமார் கடைசியாக ஒருமுறை முட்டிப் பார்த்தான். "யாரு கூப்புடுறாங்கன்னு பேரே தெரியாதேம்மா."

"எடுத்தா அவங்களே சொல்லப் போறாங்க. பாக்குறதுக்கு எனக்கு அடுப்பு கெடக்குடா. போனு கேக்குறதுக்கு."

கடைசிச் சோதனை சிம்முக்கு. மூக்கம்மா சிம் சிம்மாக மாற்றச் சொல்லி, மருமகளை வீடு முழுக்க நிற்கவைத்தாள். விறகு மூலை, ஆட்டுக்கல் பக்கம், பாத்திர அலமாரியின் முன்னால் என்று எங்கும் விடவில்லை. எதிர்மலையில் புதிதாக டவர் போட்டிருந்த ஒரு கம்பெனியின் சிக்னல் மட்டும் ஜன்னல் வழியாக நுழைந்து, ஆட்டுக்கல் மேல் நான்கு கோடாக வந்து உட்கார்ந்தது. ஆனால் அது பள்ளங்கியில் கிடைக்காது, அடுக்கம் ரோட்டில் பாதியில் அறுந்துவிடும் என்று சத்தியபிரியா நேர்மையாகச் சொன்னாள்.

மூக்கம்மாவுக்கு அது குறையாகப் படவில்லை. "பந்தி நடக்குற எடத்துல போன் எதுக்குத்தா? ஆர்டரு வர்றது வீட்டுக்கு. எனக்கு அடுப்படியில அடிச்சாப் போதும்."

ஆக, டார்ச் போனும் எதிர்மலை சிம்மும் வந்து சேர்ந்தன. மாதா கோயில் மணி போன்ற ஓசையை சத்தியபிரியா அதில் வைத்துக் கொடுத்தாள். புது நம்பரை சிஸ்டரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளி இரவு மூக்கம்மா ஆட்டுக்கல்லைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டு விரித்து, அதன்மேல் போனை வைத்துவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை வெள்ளனே எழுந்தாள். குளித்தாள், நெற்றிக்கு இட்டுக்கொண்டாள், அடுப்பைப் பற்றவைத்தாள். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூசை முடிகிற நேரம் வந்தது. மணியும் அடித்தது.

ஆனால் மணி அடித்தது தோட்டத்தில்.

மூக்கம்மா திரும்பிப் பார்த்தாள். ஆட்டுக்கல் மேல் துண்டு மட்டும் இருந்தது. ஐந்து வருசப் பழக்கம். அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் கை தானாகப் போனை எடுத்து, தானாக ஒயர் கூடையில் போட்டு, கால் தானாக நடந்துபோய் மரத்தில் மாட்டிவிட்டு வந்திருக்கிறது. அத்தனை சோதனை செய்தவள் தன் கையைச் சோதிக்கவில்லை.

பின்வாசலுக்கு ஓடியவள் அங்கேயே நின்றாள். பேரி மரத்தடியில் ஒரு காட்டுமாடு. கறுத்துக் கொழுத்த ஒற்றைக் கடா, கால் நான்கிலும் வெள்ளைக் காலுறை போட்டது போல நின்று, உதிர்ந்த பழத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே கூடை மணியடித்துக்கொண்டிருந்தது.

தோட்டத்துக் கொட்டகையில் பிச்சையா மண்வெட்டியும் கையுமாகச் சிலையாகியிருந்தார்.

"புள்ள, அசையாத. தனிமாடு" என்றார், உதடு பிரியாமல்.

தனிமாட்டைக் கத்தி விரட்டுவதோ கல்லெறிவதோ அந்த மலையில் யாரும் செய்ய மாட்டார்கள். அது போகும்வரை நிற்பார்கள். மணி நின்றது. மறுபடி அடித்தது. மூக்கம்மாவுக்குச் செல்லப்பாண்டியின் மீசை கண்முன் வந்தது. கை கூப்பி, "சாமி, கொஞ்சம் வெரசாத் தின்னுட்டுக் கெளம்புங்க. எனக்குச் சோலி கெடக்கு" என்று வேண்டினாள்.

சாமி தரையிலிருந்த பழத்தை முடித்துவிட்டு, கிளையிலிருந்த பழத்துக்குத் தலையைத் தூக்கியது. கொம்பு கூடையின் பிடிக்குள் நுழைந்தது. தலையை உதறிற்று, கூடை கொம்போடு வந்துவிட்டது, அடிவரை இறங்கிக் காதோரம் சிக்கிக்கொண்டது. மணி மட்டும் நிற்கவில்லை. கடா இரண்டுமுறை தலையைச் சிலுப்பிப் பார்த்துவிட்டு, கோயில் மாடு ஊர்வலம் கிளம்புவது போல மணி ஒலிக்க வேலியைத் தாண்டிச் சவுக்குச் சரிவுக்குள் இறங்கிப் போயிற்று. கொஞ்ச தூரத்தில் மணி பாதியில் நின்றது.

"போச்சு" என்றாள் மூக்கம்மா.

கான்வென்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா என்று பிச்சையா சொன்னார். அவள் அசையவில்லை. என்னவென்று சொல்வது, போனை மாடு கொண்டுபோய்விட்டது என்றா? அதைச் செல்லப்பாண்டி கேட்டால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். ஆனால் கை சும்மா இருக்காதே. உரித்த பூண்டையெல்லாம் போட்டுக் குழம்பு வைத்தாள். ஆத்திரத்தில் புளியைக் கரைத்தாள், ஆற்றாமையில் தாளித்தாள். வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று.

அந்த வாசனைக்கு எதிரே கான்வென்ட் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ரெஜினா சிஸ்டர் இறங்கி ஓடிவந்தார். பின்னாலேயே மருந்துப் பெட்டியோடு ஒரு நர்ஸ்.

"மூக்கம்மா, உக்காருங்க. நின்னு பேசாதீங்க. எத்தன நாளா இந்த மூச்சுத் திணறல்?"

மூக்கம்மா விழித்தாள்.

"போன எடுத்தீங்க, பேச்சே வரல. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு மட்டும் வாங்குது. குளிர்ல தொண்ட கட்டியிருக்கும்போலன்னு நான் பாட்டுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன். எழுநூறு பேரு, ரெண்டு இனிப்பு, சைவம் தனிப் பந்தின்னு. நீங்களும் ஒவ்வொண்ணுக்கும் ம்ம், ம்ம்னீங்க. கடைசியில பெருசா ஒரு உறுமல். பயந்துபோய்க் கெளம்பி வந்துட்டேன்."

பிச்சையாதான் முதலில் சிரித்தார். கொம்பின் அடியில் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்பதை விளக்கிச் சொல்வதற்குள் நர்ஸ் மருந்துப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூக்கை உயர்த்தி, அடுப்பில் என்ன என்று கேட்டார். இலை போட்டாகிவிட்டது. சிஸ்டர் பூண்டுக் குழம்பை இரண்டாம் தடவை வாங்கும்போது சொன்னார்:

"சைவப் பந்திக்கு இதே கொழம்பு வச்சிருங்க. மத்ததெல்லாம் உங்க மாட்டுகிட்டச் சொல்லியாச்சு."

போனைத் தேடத்தான் நாளாயிற்று. சத்தியபிரியா கடையிலிருந்து நேரம் விட்டு நேரம் கூப்பிட, பிச்சையா சவுக்குக் காட்டில் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார். மூன்றாம் நாள் ஒரு புதருக்குள்ளிருந்து மாதா கோயில் மணி கேட்டது. கூடை கிழிந்திருந்தது, போனில் இன்னும் இரண்டு கோடு சார்ஜ் நின்றது. பேட்டரி பற்றி நான் அன்றைக்கே சொன்னேனே என்று பிச்சையா அதை வீடு வீடாகக் காட்டினார். காட்டுக்குள்ளேயும் சிக்னல் எடுத்திருக்கிறது பாருங்கள் என்றாள் சத்தியபிரியா. பெரிய திரையாக இருந்திருந்தால் மாட்டின் முகத்தையாவது சிஸ்டர் பார்த்திருப்பார் என்றான் பாலகுமார். அவனுக்கு ஆறவே இல்லை.

பொன்விழா அன்று இனிப்புக்குக் கூடுதல் ஆள் தேவைப்பட்டது. மூக்கம்மா யாரையும் விடாமல் யோசித்து, செல்லப்பாண்டிக்கே சொல்லியனுப்பினாள். அவன் கேசரி கிண்டுவதில் கெட்டிக்காரன். அதையும் அவள் முன்பே ஒரு கல்யாணத்தில் தின்று சோதித்திருந்தாள். கான்வென்ட் சமையல்கட்டில் சிக்னல் மூலை முடுக்கெல்லாம் கொட்டிக் கிடந்தது. இருந்தும், விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் அவள் கை ஒரு புது ஒயர் கூடையைக் கொண்டுபோய்ப் பந்தல் காலில் மாட்டியிருந்தது.

செல்லப்பாண்டி பார்த்துவிட்டான். கேசரி கிண்டிய துடுப்பை நிறுத்தி, "அக்கா, இங்கயும் தொங்க விட்டிருக்கீங்களே. மாடு கீடு வந்துரப்போகுது" என்றான்.

"வரட்டும்ப்பா" என்றாள் மூக்கம்மா, குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தபடியே. "ஆர்டரு எடுத்தது அதுதான. ஒரு எல போட்டுருவோம்."