சூரியனோடு திரும்புகிறவன்

வடகோடிக் கடற்கரையில் இருக்கும் ஸ்கார்வ்விக் ஊரில் நவம்பர் இருபத்தொன்றாம் தேதி சூரியன் போய்விடும். அதற்கு இரண்டு நாள் முன்னால் பெர்ன்டினாவின் கணவன் சிக்வார்ட் போய்விடுவான். இரண்டு மாதம் கழித்து, ஜனவரி கடைசியில், மலைக்கு மேலே சூரியன் ஒரு கீற்று தலைகாட்டும் வாரத்தில், தபால் கப்பலில் அவனும் வந்து இறங்குவான். இருபத்தோரு குளிர்காலம் இப்படி நடந்தது. குளிருக்குத் தெற்கே பறந்துவிடும் கடற்பறவையின் பெயரை வைத்து ஊரில் அவனை 'ஆலா' என்றார்கள். அவன் முன்னாலேயே சொல்வார்கள். அவனும் சிரிப்பான்.

அவன் தெற்கத்திக்காரன். மாதா கோயிலுக்குச் சாயம் அடிக்க 1907 கோடையில் ட்ரோண்ட்ஹைம் நகரத்திலிருந்து வந்த நாலு பேரில் ஒருவன். ஏணியின் உச்சியில் நின்று சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வான். பெர்ன்டினாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அப்பா விட்டுப்போன வீடும் ஒரு பசுவும் நாலு ஆடும் இருந்தன. கல்யாணப் பேச்சு மட்டும் ஒன்றும் கூடிவரவில்லை. ஆகஸ்டில் மற்ற மூன்று பேரும் கப்பல் ஏறினார்கள். இவன் ஏறவில்லை.

அந்த முதல் குளிர்காலத்தில் அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைத் தட்டோடு தள்ளினான். குளிக்க மாட்டான், பேச மாட்டான். கிறிஸ்துமஸ் முடிந்து படகில் வந்த மாவட்ட டாக்டர் அவன் கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"இந்த ஆளுக்கு இருட்டு ஒத்துக்காது. அடுத்த வருஷத்துல இருந்து தெற்க அனுப்பிடு. அங்க வீட்டுக்குள்ள சாயம் அடிக்கிற வேலை கிடைக்கும்."

"அப்போ எனக்கு?" என்று பெர்ன்டினா கேட்டாள்.

வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். "உனக்கென்னம்மா. நீ இதுலயே பொறந்தவ."

அவள் இருட்டில் பிறந்தவள்தான். ஆனால் இருட்டு அவளுக்குப் பிடிக்கும் என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை. விறகு வெட்டுவது, ஓடையில் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் எடுப்பது, மீன் தலையையும் கடற்பாசியையும் வேகவைத்துப் பசுவுக்குப் போடுவது, கதவை அடைத்த பனியைத் தோண்டித் தள்ளுவது, எல்லாம் கையில் அரிக்கேன் விளக்கோடுதான். நண்பகலில் ஒரு மணி நேரம் தெற்கு வானம் நீலமாக வெளுக்கும். அப்போது முற்றத்தில் நின்று தன் கைகளை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். டிசம்பர் நடுவில் நெஞ்சுக்கு மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். கொட்டிலுக்குப் போய்ப் பசுவின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். பசு அசையாமல் நிற்கும். இதைப் பக்கத்து வீட்டு ஒலுஃபாவிடம்கூட அவள் சொன்னதில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் அதே இருட்டுதான். அதில் யார் போய் யாரிடம் அழுவது?

மகள் ரக்னா பிறந்தது ஒரு ஜூன் மாதத்தில். சிக்வார்ட் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை முழுக்கச் சுற்றினான். நல்ல அப்பாதான். கோடை முழுக்க நல்ல அப்பா.

ரக்னாவுக்கு ஏழு வயதான டிசம்பரில் ஊருக்குள் தொண்டைக் காய்ச்சல் வந்தது. மூன்று வீடுகளில் பிள்ளைகள் படுத்தார்கள். இரண்டு வீட்டில் எழுந்துவிட்டார்கள். ரக்னா நாலு நாள் மூச்சுக்குத் திணறினாள். ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, கும்மிருட்டில், திணறல் நின்றது.

தந்தி அலுவலகம் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தது. பிள்ளையை ஒலுஃபாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, பெர்ன்டினா விளக்கை எடுத்துக்கொண்டு பனியில் மூன்று மணி நேரம் நடந்தாள். "ரக்னா இறந்துவிட்டாள். வா." அவ்வளவுதான் எழுதினாள். ட்ரோண்ட்ஹைமிலிருந்து கப்பல் வர நாலு நாள் ஆகும். ஐந்தாம் நாள் கப்பல்துறையில் போய் நின்றாள். அதற்கு அடுத்த கப்பலுக்கும் நின்றாள். அதற்கும் அடுத்ததற்கு ஒலுஃபா அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தரை கல்லாக உறைந்திருந்தது. மே மாதம் வரை குழி தோண்ட முடியாது. சவப்பெட்டியைப் படகுக் கொட்டகையில் வைத்தார்கள். அவள் தினமும் விறகெடுக்கப் போகும்போது அந்தக் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஜனவரியில் சூரியனோடு சிக்வார்ட் வந்தான். கொட்டகைக்குள் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். ஊரே பார்த்துக் கண் கலங்கியது.

"தந்தி கைக்கு வர்றதுக்குள்ள கப்பல் போயிருச்சு பெர்ன்டினா."

"அடுத்த கப்பல்?"

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

அவள் காபி போட்டுக் கொடுத்தாள். மறு நவம்பரில் அவனுடைய கம்பளிச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்ததும் அவள்தான். அதற்கு அடுத்த வருஷமும் வைத்தாள். இப்படிப் பன்னிரண்டு வருஷம் வைத்தாள்.

1929 செப்டம்பரில் மீன்கிடங்குச் சுவருக்குச் சாயம் அடிக்கும்போது ஏணி சறுக்கி சிக்வார்ட்டின் கால் முறிந்தது. பத்து வாரம் கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகும் ஊன்றுகோல் வேண்டியிருந்தது. இந்த வருஷம் கப்பலும் வேண்டாம், படிக்கட்டும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்டோபர் முழுக்க அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நவம்பர் நடுவில் பெர்ன்டினா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அதில் தன்னுடைய துணிகளை அடுக்கினாள்.

"எதுக்கு இது?"

"நான் போறேன்."

"எங்க?"

"ட்ரோண்ட்ஹைமுக்கு. நீ தங்குற வீட்டுக்கு எழுதிட்டேன். உன் அறை காலியாத்தான் இருக்காம்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "கால் ஒடிஞ்சு கிடக்குறவனை விட்டுட்டா?"

"நடக்கத்தான் செய்யறே. விறகு உள்ளயே அடுக்கியாச்சு. மண்ணெண்ணெய் ரெண்டு டப்பா இருக்கு. காய வெச்ச மீன் தொங்குது, உருளைக்கிழங்கு நிலவறைல இருக்கு. பசுவை ஒலுஃபா பாத்துக்குவா."

"எனக்கு அந்த இருட்டு ஆகாதுன்னு உனக்குத் தெரியும் பெர்ன்டினா. நான் செத்துப் போயிருவேன்."

"ஜனவரில வந்துருவேன்" என்றாள் அவள். அவன் வருஷா வருஷம் சொல்லிவிட்டுப் போகிற அதே சொல்தான்.

கப்பல்துறையில் ஒலுஃபா அவள் காதோடு சொன்னாள். "ஊரு உன்னைக் காறித் துப்பும், தெரியும்ல?"

"துப்பட்டும். அவன் போனப்போ யாரு துப்புனது?"

ட்ரோண்ட்ஹைமில் டிசம்பரிலும் பகல் இருந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் வீதியில் எதிரே வருகிறவர்களின் முகம் தெரிந்தது. வீட்டுக்காரம்மா திருமதி லுண்ட் கிழவி, விதவை, வாயாடி. வழியெல்லாம் பெர்ன்டினா தன்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். இன்னொருத்தி இருப்பாள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு முகம் இருக்கும், பார்த்துவிட்டால் போதும். அப்படி யாரும் இல்லை. முற்றத்தைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை, இரும்புக் கட்டில், சாயக்கறை படிந்த நாற்காலி, அவ்வளவுதான்.

"சாயங்காலம் ஆனா சீட்டுக்கட்டோட கீழ வந்துருவார்" என்றாள் திருமதி லுண்ட். "அவர் இருந்தா வீடே கலகலன்னு இருக்கும். உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையா சொல்வார். என் பெண்டாட்டிக்கு இருட்டு ஒண்ணும் பண்ணாது, அவ அதுலயே பொறந்தவள்னு."

பெர்ன்டினா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்க பொண்ணு செத்தப்போ ஒரு தந்தி வந்திருக்குமே."

"வந்துச்சு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலைல கப்பல் இருந்துச்சு. பெட்டியெல்லாம் கட்டிட்டார். வாசல் வரைக்கும் போனார். அங்கயே ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் திரும்பி வந்து, பெட்டியைப் பிரிச்சு வெச்சுட்டார்." பிறகு சமாதானமாகச் சொன்னாள். "பாவம், ரெண்டு நாள் சீட்டாடவே வரலை."

ரெண்டு நாள். பெர்ன்டினா அந்த அறையில் எட்டு வாரம் இருந்தாள். அவன் கட்டிலில் படுத்தாள், அவன் ஜன்னலில் பார்த்தாள். பகலில் வீதிவீதியாக நடந்தாள். சந்தோஷமாக இருந்ததா என்று ஒலுஃபா பின்னால் கேட்டபோது, "கண்ணு கூசிச்சு" என்று மட்டும் சொன்னாள். உள்ளுக்குள் அவள் வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கே பயமாக இருந்தது. ஊரில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான், அரை உயிராகக் கிடப்பான், தாடியும் அழுக்குமாகத் தன்னைப் பார்த்து, "இத்தனை வருஷம் இதையா தாங்கினே?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்வி போதும். அதற்கு மேல் அவளுக்கு அவனிடமிருந்து ஒன்றும் வேண்டியதில்லை.

ஜனவரி கடைசியில் கப்பல் ஊரை நெருங்கியபோது மலை முகட்டில் சூரியன் தெரிந்தது. பிள்ளைகள் மேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கப்பல்துறையில் சிக்வார்ட் ஊன்றுகோலோடு நின்றான். முகம் மழித்து, சட்டை துவைத்துப் போட்டு, கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தான்.

"வந்துட்டியா" என்று அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். "சமையலறைக்கு மஞ்சள் சாயம் அடிச்சிருக்கேன், விளக்கு வெளிச்சத்துலயே. ஒலுஃபா வீட்டுக்காரனோட தினமும் சீட்டு. முதல் வாரம்தான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அவ்வளவு ஒண்ணும் மோசமில்ல பெர்ன்டினா. நான்தான் சும்மா பயந்துட்டேன்."

அவள் நின்றாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவனுடைய முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அவளுக்கு நல்ல செய்தி சொல்கிற முகம். பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவன் தெற்கே போகவே இல்லை. கால் சரியான பிறகும் போகவில்லை. ஒன்பது குளிர்காலம் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவழியாக இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் தன் படுக்கையை ரக்னாவின் அறைக்கு மாற்றிக்கொண்டது ஒலுஃபாவுக்கு மட்டும் தெரியும்.

"இன்னுமா அந்தத் தந்தியை நினைச்சுட்டிருக்கே?" என்று ஒலுஃபா ஒருமுறை கேட்டாள்.

"தந்தியைக்கூட மன்னிச்சிருப்பேன்" என்றாள் பெர்ன்டினா. "அவனால இருட்டுல இருக்க முடியாதுன்னு நம்பித்தானே இத்தனை வருஷம் ஓட்டினேன். முடிஞ்சிருக்கு, பாரு."

புதிதாக ஊருக்கு வந்த ஆசிரியரோ மீன் வியாபாரியோ வீட்டுக்கு வந்தால் சிக்வார்ட் அந்தக் குளிர்காலக் கதையை ஆரம்பிப்பான். ஒற்றைக் காலோடு, துணைக்கு யாரும் இல்லாமல், இரண்டு மாத இருட்டைத் தான் தாங்கிய கதை. நன்றாகச் சொல்வான், வந்தவர்கள் வியந்து கேட்பார்கள். அவன் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் பெர்ன்டினா எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விடுவாள்.