கவரைப் பிரிக்காதீர்கள் என்று சொன்னவன்

பெங்களூரில் அல்சூர் பக்கம் இருந்த எங்கள் கிளையில், வங்கியின் ஆன்லைன் சேமிப்புக் கணக்கைப் பற்றி ஏறக்குறைய ஒரு வருடம் மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினேன். அந்த ஒரு வருடமும் எனக்கே வந்திருந்த பாஸ்வேர்ட் கவரை நான் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது இதைச் சொல்லலாம். பி.எஃப். கைக்கு வந்துவிட்டது.

1. ஹெல்ப் டெஸ்க்

இரண்டாயிரங்களின் தொடக்கம். கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்து, நான் இருபது வருடமாகச் செய்துகொண்டிருந்த வேலையை என்னைவிட அமைதியாகச் செய்ய ஆரம்பித்தது. என்னை என்ன செய்வது என்று யோசித்த மேனேஜர், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையைப் போட்டு ‘நெட் பேங்கிங் ஹெல்ப் டெஸ்க்’ என்று போர்டு மாட்டினார். என் தகுதி, தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் நிறுத்தாமல் பேசுவேன் என்பது. கம்ப்யூட்டர் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று மொழியிலும் தெரியும் என்றிருப்பேன்.

அந்தக் கணக்குக்குப் பாஸ்புக் இல்லை, செக் புக் இல்லை. கவுன்டரில் பணம் கட்டவும் முடியாது, எடுக்கவும் முடியாது. வேறு வங்கிச் செக்கால் பணம் போட வேண்டும். ஏ.டி.எம்.மில் எடுக்கலாம், அதற்கு தினசரி உச்சவரம்பு உண்டு. பெரிய தொகை என்றால் நெட்டில் டி.டி.க்கு விண்ணப்பிக்க வேண்டும், கூரியரில் வரும். இத்தனைக்கும் பதிலாக வட்டி அரை சதவீதம் கூடுதல். நான் அந்தக் கடைசி வரியை மட்டும் உற்சாகமாகச் சொல்வேன்.

கணக்கு தொடங்கியவருக்கு இரண்டு சீலிட்ட கவர்கள் தபாலில் போகும். ஒன்றில் ஏ.டி.எம். பின் நம்பர், இன்னொன்றில் நெட்டில் பணத்தை நகர்த்துவதற்கான பாஸ்வேர்ட். இங்கேதான் என் பழைய அனுபவம் குறுக்கே வந்தது. வங்கிகளில் பெட்டக அறையின் டூப்ளிகேட் சாவியைக் கவரில் போட்டு, அரக்கு வைத்து, இன்னொரு கிளையில் ஒப்படைப்பது வழக்கம். அந்தக் கவர் பிரிந்திருந்தால் யாராவது ஒருவர் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும். அந்தப் பயத்திலேயே வளர்ந்தவன் நான். ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று அச்சிட்ட கவரைப் பார்த்ததும் வாடிக்கையாளர்களிடம் சொன்னேன்: “இதைப் பிரிக்காம பீரோல பத்திரமா வெச்சுக்குங்க. அவசரம்னா மட்டும்தான் எடுக்கணும்.”

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

2. ஸ்டெல்லா மேடம்

லிங்கராஜபுரத்தில் வீட்டு முன்னறையில் நான்கு மெஷின் போட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஸ்டெல்லா மேடம். என் அரை சதவீதப் பேச்சில் மயங்கி, தன் சேமிப்பு முழுவதையும் இந்தக் கணக்குக்கு மாற்றியவர். ஒரு திங்கட்கிழமை காலை கிளை திறந்ததும் வந்து நின்றார்.

“சார், வீட்டை இடிக்கப் போறாங்களாம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். அடுத்த தெருவுல ஒரு வீடு லீஸுக்குக் கிடைச்சிருக்கு. சனிக்கிழமைக்குள்ள முழுப் பணம் குடுக்கலைன்னா வேற பார்ட்டிக்குப் போயிடும்.”

பெங்களூரில் லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தத் தொகையை முதலிலேயே கொடுத்துவிட்டுக் குடியேற வேண்டும், காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும். அந்த மொத்தத் தொகைதான் என் அரை சதவீதத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

“டி.டி.தானே? இப்பவே நெட்ல போட்டுடலாம். கவர் ரெண்டும் இருக்கா?”

“நீங்க சொன்ன மாதிரி பீரோல இருந்துச்சு சார். வீட்டுக்குப் போலீஸே வந்திருந்தாலும் பிரிச்சிருக்க மாட்டேன்.”

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாஸ்வேர்ட் கவரைப் பிரித்துக் கம்ப்யூட்டரில் அடித்தோம். காலாவதியாகிவிட்டது என்றது. மறுபடி அடித்தோம். மறுபடியும் அதையே சொன்னது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் இளைஞர்.

“சார், கவர் பின்னாடியே போட்டிருக்கே, முப்பது நாளுக்குள்ள மாத்தணும்னு. படிக்கலையா? புதுசு தபால்ல வரும். டென் ஒர்க்கிங் டேஸ்.”

“அதுவரைக்கும்?”

“கஸ்டமர வெயிட் பண்ணச் சொல்லுங்க சார்.”

சொன்னேன். ஸ்டெல்லா மேடம் என்னை நிதானமாகப் பார்த்தார். “நான் பண்ணுவேன் சார். என் நாலு மெஷினும் ரோட்டுல வெயிட் பண்ணுமா?”

கவுன்டரில் கொடுக்க விதி இடம் தரவில்லை. மேனேஜரிடம் போனேன். “இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னுதானேய்யா உங்களை அங்க உட்கார வெச்சேன்?” என்றார்.

மிஞ்சியது ஏ.டி.எம். பின் நம்பருக்குக் காலாவதி இல்லை என்பது அந்த வாரத்தின் ஒரே நல்ல செய்தி. ஆனால் தினசரி வரம்பு பதினைந்தாயிரம். லீஸ் தொகை ஒரு லட்சத்துக்கும் மேல். சனிக்கிழமைக்குள் கணக்கு எட்டவில்லை.

3. நஞ்சப்பா

அன்று மாலை முதல் பதினைந்தாயிரத்தோடு லீஸ் வீட்டின் சொந்தக்காரர் நஞ்சப்பாவைப் பார்க்கப் போனோம். மாடிப்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் கன்னடத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னார்.

“பேங்க்ல பணம் இருக்கு, ஆனா வராது. அதானே ஸ்வாமி? இன்னொரு பார்ட்டி கையில கேஷோட நிக்கறாங்க. அவங்ககிட்ட நாளெ பா, நாளைக்கு வாங்கன்னு எத்தனை நாள் சொல்றது?”

மீதித் தொகை வந்து சேரும்வரை ஈடாக இருக்கட்டும் என்று என் சொந்தச் செக்கை எழுதி நீட்டினேன். அது பாஸாக வேண்டுமென்றால் என் எஃப்.டி.யை உடைக்க வேண்டும், அதை வீட்டில் சொல்ல வேண்டும். நஞ்சப்பா செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேங்க்காரரே செக் குடுக்கறீங்க. சரி, பாக்கலாம்.”

ஸ்டெல்லா மேடம் தினமும் ஏ.டி.எம்.முக்குப் போய்விட்டு நேரே நஞ்சப்பா வீட்டுக்குப் போனார். நடுவில் ஒரு நாள் ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. அன்று நான்தான் தூங்கவில்லை. சனிக்கிழமை நஞ்சப்பா கேட்டாராம்: “ஏன் மேடம், லீஸ் குடுக்கறீங்களா, தினம் வந்து பால் ஊத்தறீங்களா?” ஆனால் அதற்குள் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிட்டதால் வேறு பார்ட்டியைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரம் கடைசித் தவணையை வாங்கிக்கொண்டு, என் செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். நான்கு மெஷின்களும் ஒரே லக்கேஜ் ஆட்டோவில் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. புதுப் பாஸ்வேர்ட் அதற்குப் பிறகுதான் தபாலில் வந்தது.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு கணக்குக்குள் பணம் எப்படிப் போகும் என்பதை விளம்பரமே சொல்லிவிடும். அது எப்படி வெளியே வரும், ஒரு நாளைக்கு எவ்வளவு வரும், பாஸ்வேர்ட் செத்தால் யார் உயிர் கொடுப்பார்கள், அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை வாடிக்கையாளர் கேட்கும் முன் நீங்கள் சொல்லுங்கள். நீங்களும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, ஒரு முறையாவது அதிலிருந்து பணத்தை எடுத்துப் பாருங்கள். வட்டியைக் கடைசியில் சொன்னால் போதும்.

நான் அப்படியே மாறினேன். யார் வந்தாலும் அரை மணி நேரம் விளக்கினேன். கவரை என் கண் முன்னாலேயே பிரிக்க வைத்தேன்.

சில மாதம் கழித்து ஸ்டெல்லா மேடம் மறுபடி வந்தார், இந்த முறை கணவரோடு. யூனிஃபார்ம் சீசனில் வரும் பணத்தைச் சிநேகிதர்களோடு பிரியாணியாகப் பகிர்ந்துகொள்ளும் நல்ல மனிதர். அவர் பேரிலும் ஆன்லைன் கணக்கு தொடங்க வேண்டுமாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பணம் வெளியே வரும் வழிகளில் முதல் வழியை ஆரம்பித்தேன். மேடம் மேஜைமேல் குனிந்து, அவர் காதில் விழாமல் சொன்னார்:

“சார், இவருக்கு மட்டும் நீங்க பழைய மாதிரியே சொல்லிக் குடுங்க.”